பின்பக்கம் இல்லாத கேமரா

இருபது வருஷம் கல்யாண வீடுகளில் கேமரா பிடித்தவன் நான். கும்பகோணத்தைச் சுற்றியுள்ள மண்டபங்களில் எந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்றால் தாலி கட்டுவது மறையாமல் கிடைக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்தத் தொழிலில் ஒரு நிம்மதி உண்டு. நடப்பதெல்லாம் கேமராவுக்கு முன்னால் நடக்கும். பின்னால் நிற்கிற நம்மை யாரும் பார்க்கப்போவதில்லை. 2019-ல் 360 டிகிரி கேமரா ஒன்றை வாங்கியபோது அந்த நிம்மதி போனது. உள்ளங்கையில் அடங்குகிற கருவி அது. முதுகோடு முதுகு ஒட்டினாற்போல இரண்டு லென்ஸ். ஆளுக்குப் பாதி உலகத்தைப் பிடிக்கும். ஓரங்களை ஒட்டிவிட்டால் நாலு திசையும் மேலும் கீழும் ஒரே படமாகிவிடும். அதற்குப் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. பொத்தானை அழுத்திவிட்டு, எடுக்கிறவன் சுவருக்கு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும்.

குளோசப் இல்லை, ஜூம் இல்லை. கண்ணை மூடியபடி சுற்றிலும் படத்தைக் காட்டுகிற விஆர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்க்கிறவர் எந்தப் பக்கம் தலையைத் திருப்புகிறாரோ அதுதான் ஷாட். எடுக்கிறவன் கையில் மிச்சமிருப்பது இரண்டே முடிவுகள்: கேமராவை எங்கே வைப்பது, எவ்வளவு உயரத்தில் வைப்பது. தொழிலே இந்த இரண்டில்தான் இருக்கிறது என்பதை முதியோர் இல்லத்துப் பெரியவர்களும் பள்ளிக்கூட ஆசிரியர்களும் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

முதல் பாடம் தற்செயலாகக் கிடைத்தது. 2020-ல் கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடு இருந்த நேரம். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பாட்டி வர முடியவில்லை. முன்வரிசையில் அவருக்காக ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டு வைத்திருந்தார்கள். இடம் வேறு இல்லாததால் அந்த நாற்காலியிலேயே ஸ்டாண்டை நிறுத்திக் கேமராவை வைத்தேன். விஷயம் தெரிந்த பேரன் பேத்திகள் போகும்போதும் வரும்போதும் கேமராவிடம் குனிந்து, "பாட்டி, நல்லாத் தெரியுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு வாரம் கழித்துப் பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒவ்வொரு கேள்விக்கும், "தெரியுதுடா கண்ணு, தெரியுது" என்று பதில் சொன்னார். அட்சதையைப் போடக் கையைக்கூட உயர்த்தினார். மண்டபத்தின் மூலையிலோ மேடைக்கு மேலேயோ நான் கேமராவை வைத்திருந்தால் அவர் அதை ஒரு படமாகப் பார்த்திருப்பார். அவருடைய நாற்காலியில் வைத்ததால் கல்யாணத்துக்கு வந்துவிட்டார்.

அந்தப் பாடத்தை நான் அப்போதே பிடித்துக்கொள்ளவில்லை. 2022-ல் எங்கள் பக்கத்து முதியோர் இல்லம் ஒன்றில், வெளியே போக முடியாதவர்களுக்கு எதையாவது காட்ட முடியுமா என்று கேட்டார்கள். பிரமாதமாக எதையாவது காட்ட வேண்டும் என்ற ஆசையில் பிச்சாவரம் போனேன். படகின் முனையில் கேமராவைக் கட்டி, அலையாத்திக் காட்டுக்குள் வளைந்து வளைந்து போனதை எடுத்தேன். முதலில் பார்க்க உட்கார்ந்த அம்மாவுக்கு வயது எழுபத்தெட்டு. இரண்டு நிமிஷத்தில் முகம் வெளுத்தது, வியர்த்தது. கண்ணாடியைக் கழற்றுவதற்குள் வாந்தி எடுத்துவிட்டார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

தவறு என்னுடையது. கண் "நகர்கிறாய்" என்கிறது. உட்காதில் சமநிலையைக் காக்கும் உறுப்பு "அசையாமல் உட்கார்ந்திருக்கிறாய்" என்கிறது. இரண்டும் முரண்படும்போது தலை சுற்றி வயிறு புரட்டும். பஸ்ஸில் புத்தகம் படித்தால் வருகிற அதே தொந்தரவு, தலைகீழாக. மறுநாள் முதல் ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன்: கேமரா நகரக் கூடாது. ஓடுகிற வண்டி, படகு, டிரோன் எதுவும் வேண்டாம். ஓரிடத்தில் நட்டுவைத்த கேமரா. நகர வேண்டியவை அதைச் சுற்றி நகரட்டும். உயரம், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவரின் கண் உயரம், சுமார் மூன்றே முக்கால் அடி. நின்றபடி எடுத்த படத்தை உட்கார்ந்து பார்த்தால், தரை எங்கோ கீழே போய்விட்டதுபோல் சிலர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

மற்ற சட்டங்களும் அப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கண்ணாடி அரைக் கிலோ கனம். எண்பது வயதுக் கழுத்து அதைப் பத்து நிமிஷத்துக்கு மேல் தாங்கக் கூடாது. வலிப்பு வந்ததுண்டா, பேஸ்மேக்கர் வைத்திருக்கிறதா, சமீபத்தில் கண் ஆபரேஷன் ஆனதா என்று இல்லத்து நர்ஸிடம் கேட்காமல் யாருக்கும் மாட்டுவதில்லை. காது மிஷின் இருந்தால் வாரை அதன் மேல் அழுத்தாமல் சரிசெய்ய வேண்டும். சுழல் நாற்காலி கூடாது, கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலி வேண்டும். ஒருவர் பார்த்து முடித்ததும் முகத்தில் படுகிற பஞ்சுப் பகுதியைத் துடைத்து, புது உறை போட வேண்டும். வெயில்படும் ஜன்னலோரம் கண்ணாடியை மறந்தும் வைக்கக் கூடாது. அதன் லென்ஸ் பூதக்கண்ணாடிபோல் வெயிலைக் குவித்து உள்ளே இருக்கிற திரையைப் பொசுக்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேல், பார்க்கிறவர் பக்கத்தில் ஒருவர் கடைசிவரை உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் பார்ப்பதை வைஃபை வழியாக டிவியிலும் ஓடவிட்டால், சுற்றியிருப்பவர்களும் பேச்சில் சேர்ந்துகொள்வார்கள்.

எதைக் காட்டுவது என்பதில்தான் மிகவும் தடுமாறினேன். தாஜ்மகால், சுவிட்சர்லாந்து, கடலுக்கடியில் மீன்கள் எல்லாம் ஆயத்தமாகக் கிடைத்தன. பார்த்தார்கள், "நல்லாருக்குப்பா" என்றார்கள், கழற்றிக் கொடுத்தார்கள். அதோடு சரி. அந்த இல்லத்தில் ஒரு தாத்தா இருந்தார். யாரோடும் அதிகம் பேசமாட்டார். ஒருநாள் அவராகவே, "ஆத்துல தண்ணி வர்றதக் காட்ட முடியுமா?" என்று கேட்டார்.

2023 ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறந்தார்கள். சில நாளில் கல்லணையும் திறந்தது. எங்கள் பக்கம் தண்ணீர் வருகிற அன்று விடியற்காலையிலிருந்து ஒரு படித்துறையின் கடைசிப் படியில், உட்கார்ந்தால் இருக்கும் கண் உயரத்துக்குக் கேமராவை நட்டுவிட்டுக் காத்திருந்தேன். வெறும் மணல். தூரத்தில் பையன்கள் ஓடிவருகிற சத்தம். அவர்களுக்குப் பின்னால் நுரையும் சருகுமாக, மணலைக் கறுப்பாக்கிக்கொண்டு மெல்ல நகர்ந்துவரும் ஒரு கோடு. கல்யாண எடிட்டிங் பழக்கத்தில், வெறும் மணல் தெரிகிற முதல் நாலு நிமிஷத்தை வெட்டிவிடப் பார்த்தேன். ஏதோ தோன்றி விட்டுவைத்தேன். தாத்தா அந்த நாலு நிமிஷமும் மேற்கே திரும்பியபடி ஆடாமல் அசையாமல் இருந்தார். தண்ணீர் படியைத் தொட்டபோது இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டார்.

கண்ணாடியைக் கழற்றிய பிறகு முக்கால் மணி நேரம் பேசினார். வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சியது, கடைமடைக்காரர்களோடு வந்த சண்டை, குறுவைக்கு நாற்று விட்ட நாட்கள், தண்ணீர் வந்த அன்றைக்கு அவருடைய அப்பா ஆற்றங்கரையில் கற்பூரம் ஏற்றியது எல்லாம் வந்தன. மூன்று வருஷமாக அவரைக் குளிப்பாட்டிச் சோறு போடுகிற பையன், "தாத்தா விவசாயின்னே எனக்குத் தெரியாது சார்" என்றான். அடுத்த நாள் முதல் அவன் தாத்தாவிடம் மழையைப் பற்றியும் வயலைப் பற்றியும் கேட்க ஆரம்பித்தான். படம் ஓடியது ஏழு நிமிஷம். அந்தப் பேச்சு அதற்குப் பிறகும் தொடர்ந்தது.

வயதானவர்கள் பழையதையே பேசுவதை மூளைத் தளர்ச்சியின் அடையாளமாகப் பார்த்த காலம் ஒன்று உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-ல் எழுதிய கட்டுரையில், வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது முதுமையில் எல்லாருக்கும் இயல்பாக நடக்கிற மனவேலை என்றார். நினைவுகூரல் சிகிச்சை என்று இன்று சொல்லப்படுவதற்கு அந்தக் கட்டுரை ஒரு வேர். அமெரிக்காவில் 2016-ல் தொடங்கப்பட்ட ரெண்டெவர் என்ற நிறுவனம், பல முதியவர்களுக்கு ஒரே நேரத்தில் ஒரே காட்சியைக் காட்டும்படி எல்லாக் கண்ணாடிகளையும் ஒரு டேப்லெட்டிலிருந்து இயக்குகிறது. ஒன்றாகப் பார்த்தால் ஒன்றாகப் பேசலாம் என்பதுதான் அதன் அடிப்படை. எங்களிடம் இருந்ததோ ஒரு கண்ணாடியும் ஒரு டிவியும். அதே எண்ணத்துக்கு அதுவே போதுமாக இருந்தது.

எல்லா நாளும் இப்படி முடிவதில்லை. மறதி நோய் முற்றிய ஓர் அம்மாவுக்கு, தான் எப்படி அந்த இடத்துக்கு வந்தோம் என்று புரியாமல் பயம் வந்துவிட்டது. உடனே கழற்றி, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவரைப் போன்றவர்களுக்கு இப்போது டிவியில் மட்டும் காட்டுகிறோம். இன்னொருவர் தன் வீட்டைக் காட்டச் சொன்னார். வீடு இடிந்து கிடந்தது. அதை அப்படியே காட்டுவதா வேண்டாமா என்று நான் முடிவு செய்யக் கூடாது என்று பட்டது. அவருடைய மகளிடம் கேட்டேன். மகளே வந்து, விஷயத்தைச் சொல்லி, தெருமுனையிலிருந்து எடுத்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினார். அழுதார்கள். பிறகு இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு என்னை அனுப்பியது அதே இல்லத்தில் இருந்த ஒரு பெரிய டீச்சர். தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியையாக ஓய்வுபெற்றவர். எந்தக் கோயில் பார்க்க ஆசை என்று கேட்டதற்கு, "கோயில் கெடக்கட்டும் தம்பி. நான் வேலை பார்த்த ஸ்கூல்ல ஒரு கிளாஸ் எடுத்துட்டு வா. புள்ளைங்களோட சேர்த்து எடு" என்றார். பள்ளியில் அனுமதி வாங்கி, வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, இணையத்தில் எங்கும் போடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்து, கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நுழைந்தேன்.

வகுப்பறை மண்டபம் மாதிரி இல்லை. கேமராப் பெட்டியில் 5.7கே என்று பெருமையாகப் போட்டிருக்கும். அகலத்தில் 5,760 புள்ளிகள் என்று அதற்கு அர்த்தம். ஆனால் அது 360 டிகிரிக்கும் பங்குபோட்ட கணக்கு. டிகிரிக்கு 16 புள்ளிதான். கண்ணாடிக்குள் ஒரு நேரத்தில் நாம் பார்க்கிற 90 டிகிரிக்கு 1,440 புள்ளிகள் மட்டுமே வரும். அதனால் கடைசி வரிசையில் வைத்தால் கரும்பலகை எழுத்து கலங்கிப்போகும். பலகையைத் தனியாகப் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு லென்ஸும் சேருகிற கோட்டில் ஒரு முகம் அகப்பட்டால் மூக்கு பிளந்து தெரியும். பிள்ளைகள் மூன்று நாலு அடி தள்ளி இருக்க வேண்டும். கேமராவையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் கால் மணி நேரத்தில் அதை மறந்துவிட்டார்கள். பிள்ளைகள் தரையில் உட்கார்கிற வகுப்பு என்பதால் அவர்களுக்கு நடுவே, இரண்டடி உயரத்தில் வைத்திருந்தேன்.

பெரிய டீச்சர் கண்ணாடியை மாட்டியதும் பாடம் நடத்துகிற இளம் ஆசிரியையைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் உடனே பின்னால் திரும்பினார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தூணோரத்துல ஒரு பையன் இருக்கான் பாரு. எழுதல. எழுதற மாதிரி கைய ஆட்டறான். அவனுக்கு எழுத்து தெரியல, தெரியலன்னு சொல்ல வெக்கப்படறான்." டிவியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அவர் காட்டிய பிறகும் அது தெரிய ஒரு நிமிஷம் ஆனது. ஓய்வுபெற்றுப் பதினேழு வருஷம் ஆனவர் அவர்.

அந்த இளம் ஆசிரியைக்குச் செய்தி போனது. மனம் சுருங்குவாரோ என்று எனக்குப் பயம். அடுத்த சனிக்கிழமை அவரே இல்லத்துக்கு வந்துவிட்டார். பெரிய டீச்சர் குறை ஒன்றும் சொல்லவில்லை. "அந்தப் புள்ள பேரு என்னம்மா?" என்று மட்டும் கேட்டார். ஆசிரியை பெயரைச் சொன்னார், வீட்டு நிலைமையைச் சொன்னார், பிறகு தானே கண்ணாடியை மாட்டிக்கொண்டு தூண் பக்கம் திரும்பினார். இருவரும் மாறி மாறி மாட்டிக்கொண்டு மத்தியானம்வரை பேசினார்கள். அவர்கள் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் இந்தக் கருவியின் இன்னொரு பயன் எனக்கு விளங்கியது.

ஆசிரியர்கள் தங்களைப் படமெடுத்துப் பார்ப்பது புதிதல்ல. 1963-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய நுண்ணிலைக் கற்பித்தல் நம் பி.எட். கல்லூரிகளில் இன்றும் நடக்கிறது. இந்திய முறையில் ஒரு சுற்று 36 நிமிஷம்: 6 நிமிஷம் கற்பிக்க, 6 நிமிஷம் பின்னூட்டம் கேட்க, 12 நிமிஷம் திருத்தித் திட்டமிட, 6 நிமிஷம் மறுபடி கற்பிக்க, 6 நிமிஷம் மறுபடி கேட்க. அங்கே சக மாணவர்களே பிள்ளைகளாக நடிப்பார்கள். வைக்கிற கேமராவும் ஆசிரியரையே பார்த்துக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கிறவர் தன் குரலையும் கையெழுத்தையும் புடவை மடிப்பையும் கவனிப்பார். பிள்ளைகளுக்கு நடுவில் வைத்த கேமராவில் ஆசிரியர் ஒரு சிறு பகுதிதான். மீதியெல்லாம் பிள்ளைகள்.

பயிற்சி ஆசிரியர்களோடு இதைச் செய்து பார்த்தபோது என் எடிட்டிங் பழக்கம் ஒன்று உதவியது. கேள்வி கேட்டு முடித்ததிலிருந்து அடுத்த வார்த்தைவரை எவ்வளவு நேரம் என்று டைம்லைனில் அளந்து காட்டுவேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களிலேயே இதை அளந்து எழுதியிருக்கிறார்: ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று வினாடியாக்கினால் பதில்கள் நீளமாகின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். இதைப் பாடப்புத்தகத்தில் படித்தவர்கள்தான் அந்தப் பயிற்சி ஆசிரியர்கள். ஆனால் பின்வரிசைப் பிள்ளையின் இடத்திலிருந்து, அந்தப் பிள்ளை வாயைத் திறக்கப் போகிற நேரத்தில் கேள்வி வேறொருவருக்குப் போய்விடுவதைப் பார்த்த ஒரு பெண், கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. அடுத்த முறை கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் மூன்று எண்ணினார். அவருடைய உதடு அசைவதைப் படத்தில் பார்த்தேன்.

தொடக்க வகுப்புகளில் இதற்கு வேலை இன்னும் அதிகம். 2022-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிந்து உட்கார்கிறார்கள். ஆசிரியர் மலர் குழுவோடு உட்கார்ந்திருக்கும்போது அவருடைய முதுகுக்குப் பின்னால் அரும்பு குழு என்ன செய்கிறது? சாதாரண கேமராவுக்கு ஒரே நேரத்தில் இரண்டும் தெரியாது. நடுவில் வைத்த 360 கேமராவுக்குத் தெரியும். ஓர் ஆசிரியை பார்த்தது இதுதான்: அவர் திரும்பியிருந்த நேரத்தில் ஒரு சிறுமி பக்கத்துப் பையனுக்கு அட்டைகளை அடுக்கிச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். சத்தம் போடுகிறாள் என்று அவர் அன்று காலையில் அதட்டிய சிறுமி.

ஒரு கசப்பையும் சொல்ல வேண்டும். ஒரு பள்ளியில், நிர்வாகத்தில் இருந்தவர் கேட்டாரென்று பிரதி ஒன்றைக் கொடுத்துவிட்டேன். அதை ஆசிரியர் கூட்டத்தில் போட்டு, ஓர் ஆசிரியரை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள். அதன்பின் அந்தப் பள்ளியில் யாரும் என் கேமராவுக்கு முன்னால் இயல்பாகப் பாடம் நடத்தவில்லை. நியாயமான கோபம். அன்றிலிருந்து முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான் போகிறேன்: மெமரி கார்டு ஆசிரியர் கைக்குத்தான் போகும். அவர் முதலில் தனியாகப் பார்ப்பார். பிறகு அவர் விரும்பினால், விரும்பிய ஒருவரோடு, பத்து நிமிஷத் துண்டு ஒன்றைப் பார்ப்பார். மதிப்பெண்ணுக்கும் மேலதிகாரிக்கும் அதில் இடமில்லை.

பள்ளியில் கற்றதை முதியோர் இல்லத்துக்கே திரும்பக் கொண்டுவந்தேன். அமெரிக்காவில் கேரி ஷா என்பவர் தொடங்கிய எம்பாடிட் லேப்ஸ், பார்வையும் செவியும் குறைந்த ஆல்ஃபிரட் என்ற 74 வயதுக்காரரின் இடத்தில் மருத்துவ மாணவர்களையும் பராமரிப்பாளர்களையும் உட்காரவைக்கிற படம் ஒன்றைச் செய்திருக்கிறது. அதைப் பற்றித் தெரிந்தபோது, எங்களால் முடிந்த அளவில் செய்து பார்த்தோம். ஒரு சக்கர நாற்காலியில், உட்கார்ந்தவரின் கண் உயரத்தில் கேமராவைக் கட்டி, பிரேக் போட்டு, தாழ்வாரத்தில் அரை நாள் நிறுத்தினோம். நடந்தது அப்படியே பதிவானது. பணியாளர்கள் பார்த்தார்கள். இரண்டு பேர் தலைக்கு மேலே பேசிக்கொண்டு போகிறார்கள். பின்னாலிருந்து யாரோ சொல்லாமல் பிரேக்கை எடுத்து நாற்காலியைத் திருப்புகிறார்கள். டியூப்லைட் நேராகக் கண்ணில் அடிக்கிறது. அழைப்பு மணியின் பொத்தான் எட்டாத உயரத்தில் இருக்கிறது. பொத்தானை அந்த வாரமே இரண்டடி கீழே இறக்கினார்கள். முன்னால் வந்து, குனிந்து, "திருப்பட்டுமா தாத்தா?" என்று கேட்டுவிட்டுத் திருப்புகிற பழக்கம் மெல்ல வந்தது.

இத்தனை வருஷத்தில் இந்தக் கருவி வயோதிகத்தைக் குணப்படுத்தி நான் பார்த்ததில்லை. அது தானாக நல்லாசிரியரை உருவாக்கியதும் இல்லை. உட்கார்ந்திருப்பவரை அவர் போக முடியாத இடத்துக்குக் கொண்டுபோகிறது. நிற்பவரை உட்கார்ந்திருப்பவரின் இடத்துக்குக் கொண்டுவருகிறது. மிச்சத்தையெல்லாம், கண்ணாடியைக் கழற்றிய பிறகு பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறவர்தான் செய்கிறார். யாரும் உட்காராத இல்லங்களில் கண்ணாடி பெட்டிக்குள்ளேயே தூசி படிந்து கிடப்பதையும் பார்த்திருக்கிறேன்.

அதனால் இல்லம் நடத்துகிறவர்களிடமும் பள்ளி நடத்துகிறவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கேமராவும் கண்ணாடியும் வாங்குவதற்கு முன்னால், உங்கள் தாழ்வாரத்தில் ஒரு சக்கர நாற்காலியில் கால் மணி நேரம் உட்காருங்கள். உங்கள் வகுப்பின் கடைசி வரிசையில் தரையில் ஒரு பீரியட் உட்காருங்கள். அங்கிருந்து என்ன தெரிகிறது என்று நாலு பக்கமும் திரும்பிப் பாருங்கள். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. பார்த்த பிறகும் கருவி தேவை என்று தோன்றினால் வாங்குங்கள். அதைப் பார்க்கிறவர் பக்கத்தில் உட்காரப்போவது யார் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டு வாங்குங்கள்.